இரண்டாயிரம் பேருக்குக் கருவாடு

மாதச் சம்பளம் வாங்கும் ஒருவர் உபரியாகக் காய்கறித் தோட்டமும் வைத்திருக்கிறார் என்றால், அந்தத் தோட்டத்துக்காக அலைகிறவர் அவருடைய வீட்டில் வேறு யாரோ இருக்கிறார் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்.

மலாயாவின் கேமரன் மலையில் அது வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம். என் கணவர் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர். கட்டுப் போடுவது, மருந்து கலக்குவது, ஊசி குத்துவது எல்லாம் அவர்தான். அவருடைய சிநேகிதர் சபாபதி தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி வாத்தியார். இருவரும் சேர்ந்து கியா பார்ம் பக்கம் ஒரு சீனரிடம் சரிவு நிலம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஈப்போ சந்தைக்கு அனுப்புவதற்கென்று முட்டைக்கோஸ் நட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விவசாயிகள். மற்ற நாட்களில் ஒருவர் நோயாளிகளோடும் மற்றவர் பிள்ளைகளோடும் கட்டப்பட்டுக் கிடப்பார்கள்.

ஆகவே நிர்வாகம் என் கைக்கு வந்தது. நான் அப்போதுதான் கல்யாணமாகி ஈப்போவிலிருந்து வந்தவள். கான்வென்ட்டில் படித்தவள். முட்டைக்கோஸை அதுவரை தட்டில் மட்டுமே சந்தித்திருந்தேன். (அதையும் ஒதுக்கி வைத்துவிடுவேன்.)

இதில் ஒரு சிக்கல். தேயிலைத் தோட்டத்துத் துரையிடம் இந்த விஷயத்தை இன்னும் சொல்லியிருக்கவில்லை. முதல் விளைச்சலைக் கையில் வைத்துக்கொண்டு போய் அனுமதி கேட்கலாம் என்பது வாத்தியாருடைய யோசனை. நடுவில் துரைக்குத் தெரிந்து பிடிக்காமல் போனால் இருவருக்கும் வேலை போகும். வேலையோடு குடியிருந்த வீடும் போகும்.

அந்தச் சமயம் பார்த்து முட்டைக்கோஸ் வெளிறத் தொடங்கியது. நிலத்துக்காரச் சீனர் ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, மீன் உரம் போடாவிட்டால் அத்தனையும் போய்விடும் என்றார். பிரிஞ்சாங் டவுனில் அது மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். மீன் தலை, வால், குடல், இறால் ஓடு எல்லாவற்றையும் காயவைத்து, பாதி அழுகவிட்டுக் கட்டிய சரக்கு. யார் போய் எடுத்து வருவது என்று இரண்டு உத்தியோகஸ்தர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போங்க. நான் லோரி புடிச்சு எடுத்துட்டு வந்துர்றேன்" என்றேன்.

"வழியில செக்கிங் இருக்கு, சரோஜா. ஞாயித்துக்கெழமை எல்லாரும் சேர்ந்து போலாம்" என்றார் என் கணவர்.

"இருக்கட்டுமே. நான் இங்கிலீஷ்ல பேசிக்கிறேன்."

அந்த ஆண்டுகளில் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்று ரோட்டில் எங்கே பார்த்தாலும் சோதனை. அரிசி, டின் மீன், கருவாடு எதையும் நினைத்தபடி ஏற்றிச் செல்ல முடியாது. எனக்கும் அது தெரியும். ஆனால் நான் ஏற்றியது உரம். உரத்துக்கு எதற்கு அனுமதி?

உரம் வாங்கப் போகிறவள் உடுத்த வேண்டியது எது என்று யோசித்து ஜார்ஜெட் சேலை உடுத்தினேன். கையில் குடை, தோளில் கைப்பை. மூட்டைகளை ஏற்றியதும் லோரிக்காரச் சீனர் கழுத்துத் துண்டை அவிழ்த்து மூக்கில் கட்டிக்கொண்டார். மூட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டவேண்டிய கட்டாயம் அவருக்கு. நான் மட்டும் கான்வென்ட் பெண்ணுக்கு உரிய நிமிர்வோடு மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிரிஞ்சாங்கைத் தாண்டியதும் நிறுத்தினார்கள். பெண்களைச் சோதிக்க நின்ற மலாய்க்காரம்மா என் கைப்பையைத் திறந்து பவுடர் டப்பாவை எடுத்தார். சோதிக்கிறார் என்று நினைத்தேன். அந்த வாடைக்கு அதை மூக்கருகே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மூட்டைகளை அவிழ்த்துப் பார்த்த போலீஸ்காரர் கத்தியால் கிளறி, ஒரு மீன் தலையைத் தூக்கிக் காட்டினார். கூடாரத்திலிருந்து வெள்ளைக்கார ஆபீசர் ஒருவர் வந்தார். சின்ன வயசு, வெயிலில் மூக்கு உரிந்திருந்தது.

நான் காத்திருந்த தருணம். கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பில் ஆரம்பித்தேன். இதில் இருப்பது மீன்தான். ஆனால் சாப்பிடப்போகிறவர்கள் நாங்கள் இல்லை என்றேன்.

பிறகு யார் என்று அவர் கேட்டார்.

"மேலே இருக்கிறவர்கள். பல நாளாகப் பட்டினி கிடக்கிறார்கள். இன்றைக்குப் போய்ச் சேராவிட்டால் செத்தே போவார்கள்."

அவர் மெதுவாகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எத்தனை பேர் என்றார்.

"இரண்டாயிரம் இருப்பார்கள்."

மலாய்க்காரம்மா பவுடர் டப்பாவை மூடினார். மேலே யார் பொறுப்பு என்று ஆபீசர் கேட்டதற்கு, வாத்தியார்தான் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார் என்றேன். என் கணவர் டிரசர், ஞாயிறு தவறாமல் போய் மருந்து கொடுத்துவிட்டு வருவார் என்றும் சேர்த்துச் சொன்னேன். குடும்பத்தின் உழைப்பைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் விடுவேனா? அத்தனை விவரமும் சொன்னேன். முட்டைக்கோஸ் என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன். நாள்தோறும் அவற்றோடு பேசிப் பேசி, அவை எனக்கு ஆட்களாகவே ஆகியிருந்தன.

லோரியைத் திருப்பிப் பிரிஞ்சாங் போலீஸ் ஸ்டேஷனுக்கே கொண்டுபோனார்கள். முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு ஜீப். ரோட்டில் நின்றவர்கள் பார்த்தார்கள். எனக்கு மரியாதையாக வழி விடுகிறார்கள் என்றுதான் பாதித் தூரம் வரை நினைத்திருந்தேன். மீதித் தூரத்தில் துப்பாக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்தேன்.

சாட்சிப் பொருள் என்று மூட்டைகளை ஸ்டேஷனுக்குள்ளேயே இறக்கினார்கள். சிறிது நேரத்தில் அங்கிருந்த போலீஸ்காரர்களுக்கெல்லாம் வெளியே ஏதோ அவசர வேலை வந்துவிட்டது.

என் கணவரையும் வாத்தியாரையும் அழைத்துவந்தார்கள். இவர் வெள்ளைக் கோட்டோடு, பையில் தெர்மாமீட்டரோடு. வாத்தியார் கையில் இன்னும் சாக்பீஸ். அவர்களுக்குப் பின்னால் எங்கள் துரை. தன்னுடைய டிரசரையும் வாத்தியாரையும் சிப்பாய்கள் ஏற்றிப் போனால் எந்தத் துரைதான் பங்களாவில் உட்கார்ந்திருப்பார்? துரையைப் பார்த்ததும் வாத்தியாருடைய சாக்பீஸ் இரண்டாக ஒடிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுக்கு மருந்து கொடுப்பது உண்மையா என்று ஆபீசர் என் கணவரிடம் கேட்டார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நோயாளிகளைக் கேட்கிறார் என்று எண்ணிக்கொண்டு, துரை காதில் விழட்டும் என்று இவர் சத்தமாகச் சொன்னார்:

"ஆமாம் ஐயா. கேட்டு வந்தவர்கள் யாருக்கும் நான் இல்லை என்று சொன்னதே கிடையாது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இனி என் அப்பா ஈப்போவிலிருந்து வக்கீலோடு வரவேண்டியதுதான்.

வாத்தியார்தான் கடைசியில் வாய் திறந்தார். அது முட்டைக்கோஸ், இது அதற்கு உரம் என்று இரண்டே வாக்கியம். ஆபீசர் நம்பவில்லை. கருவாட்டை உரம் என்று சொல்லித் தப்பப் பார்க்கிறீர்களா என்றார். இது மனிதர் சாப்பிடுகிற பொருளா இல்லையா என்று தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிடலாம் என்று, எதிரே சாப்பாட்டுக்கடை வைத்திருந்த காதர் நானாவைக் கூப்பிட்டனுப்பினார்.

நானாவுக்கு எங்கள் குடும்பத்தின் மேல் பிரியம் அதிகம். உள்ளே வந்தார். என் கலங்கிய முகத்தைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். கெட்ட சரக்கு கடத்தியதாக என் மேல் பழி போடுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் மலாயில் நெடுநேரம் பேசினார். முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பயப்படாதீங்க, டிரசரம்மா. ஒசந்த கருவாடு, கடைக்கு நானே வாங்கிக்குவேன்னு சொல்லிட்டேன் லா."

ஆபீசர் ஒரு மீன் தலையை எடுத்துத் தட்டில் வைத்து, அப்படியானால் சமைத்துச் சாப்பிட்டுக் காட்டு என்றார். நானா குனிந்து பார்த்தார். தலைக்குள் ஏதோ நெளிந்தது. கடையில் அடுப்பு எரிந்துகொண்டிருப்பது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அப்போது ஸ்டேஷன் பூனை மேசைக்கடியிலிருந்து வந்தது. கொழுத்த சாம்பல் பூனை. தட்டைச் சுற்றி வந்தது. ஒருமுறை முகர்ந்தது. பிறகு, தன்னுடைய கழிவை மூடுவதுபோல, தட்டைச் சுற்றித் தரையைப் பறபறவென்று பிறாண்டிவிட்டு, எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போய்விட்டது.

முதலில் சிரித்தவர் ஆபீசர். மேசையைப் பிடித்துக்கொண்டு, உரிந்த மூக்கு இன்னும் சிவக்கச் சிரித்தார். என்னிடம் வந்து, மேலே இருக்கும் இரண்டாயிரம் பேருக்கும் தன்னுடைய வணக்கத்தைச் சொல்லச் சொன்னார். மூட்டைகளை உடனே எடுத்துப் போகும்படி கெஞ்சியும் கேட்டுக்கொண்டார்.

துரை மட்டும் சிரிக்கவில்லை. நாளைக் காலை ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அன்று வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. நான் அழுதேன். என் கணவர் திட்டவில்லை, பெட்டியைக் கட்டவேண்டி வந்தால் எதை முதலில் வைப்பது என்று மட்டும் கேட்டார். அதற்கு மேலும் அழுதேன்.

மறுநாள் துரை இரண்டு பேரையும் நிற்கவைத்து வெகுநேரம் பேசினாராம். வேலை நேரத்தில் ஒரு நிமிஷம்கூடக் காய்கறித் தோட்டத்தைப் பற்றி நினைக்கக் கூடாது, லயத்துப் பக்கம் அந்த மூட்டை வரக் கூடாது. இரண்டுக்கும் சரி என்று தலையாட்டினார்களாம். வெளியே வரத் திரும்பும்போது, பங்களா ரோஜாச் செடிகள் சரியில்லை, அந்த உரத்தில் ஒரு மூட்டை அனுப்ப முடியுமா என்று துரை கேட்டாராம். அனுப்பினோம். ரோஜா நன்றாகவே வந்தது. பூக்கும்வரை துரைசாணி அம்மா ஈப்போவில் போய்த் தங்கியிருந்தார்.

எங்கள் முட்டைக்கோஸும் பிழைத்தது. அவசரகாலம் முடியும்வரை அந்த ரோட்டில் எத்தனையோ தரம் போனோம். ஒவ்வொரு சோதனையிலும் நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "என் மனைவிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது" என்று சொல்லிவிடுவார். டிரசரே சொன்னால் யார் மறுப்பார்கள்? இத்தனை காலமாகத் தொண்டை கட்டியிருக்கிறதே என்று இரக்கப்பட்டு ஒரு போலீஸ்காரர் எனக்குப் புதினா மிட்டாய்கூடக் கொடுத்தார்.

இப்போது என் மகள் பேங்க்கில் வேலை செய்கிறாள். மருமகன் பள்ளி ஆசிரியர். இருவரும் கோலா தெர்லாவில் உபரியாகத் தக்காளி போட்டிருக்கிறார்கள். வார நாட்களில் பார்த்துக்கொள்வது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. லோரி வரத் தாமதமானாலோ வியாபாரி முரண்டு பிடித்தாலோ நான் போனை எடுப்பேன். இருவரும் ஒரே நேரத்தில் ஓடிவருவார்கள்.

"அம்மா, ஒங்களுக்குத் தொண்ட கட்டியிருக்கு. நீங்க தண்ணி மட்டும் ஊத்துங்க."

ஊற்றுகிறேன். செடிகளோடு மட்டும் பேசிக்கொள்கிறேன். தமிழில்தான்.