பனியில் கால் வைத்தவர் படத்தை அச்சிட வேண்டாம்

பெருமதிப்பிற்குரிய 'பனிமலைத் தண்டவாளம்' மாத இதழின் ஆசிரியர் அவர்களின் சமூகத்திற்கு,

ஓய்வுபெற்ற அஞ்சலக எழுத்தர் மெகுரோ சேய்கிச்சி தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. குளிர் உச்சத்தில் நிற்கும் இந்நாளில் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சகத்து ஊழியர்களும் சளி காய்ச்சல் இன்றி இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே கூரைப் பனியை இந்த மாதம் மூன்றாம் தடவையாக வாரித் தள்ளியாயிற்று. இடுப்பைத் தவிர மற்றதெல்லாம் நலம்.

நிற்க. தங்கள் குளிர்காலப் புகைப்படப் போட்டிக்கு எங்கள் ஊர் யாசவா கோஹெய் ஒரு படம் அனுப்பியிருப்பதாக வெந்நீர் ஊற்றுக் குளியலில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கே கேட்கும்படி சொன்னார். இரண்டாம் பாலத்தில் காலை ஒன்பது இருபது வண்டி போகிறது, கீழே பனிவெளியின் நடுவில் ஒரு கிழவர் நிற்கிறார். அந்தப் படத்தைத் தயவுசெய்து அச்சிட வேண்டாம். அந்தக் கிழவர் நான்தான்.

நான் எப்படி அங்கே போனேன் என்பதைச் சொல்லாவிட்டால் தாங்கள் என்னைத் தவறாக நினைப்பீர்கள். எங்கள் வட்டார ரயில் புகைப்படக்காரர் சங்கத்தின் ஒழுங்குக் குழுத் தலைவர் நான். பத்தொன்பது வருஷமாக இந்தப் பாதையில் ஓடும் வண்டிகளை எடுக்கிறேன், வீட்டில் பதினான்கு ஆல்பம் நிறைய ரயில். என் மனைவி சயோவுக்கு அதுதான் குறை. போன இலையுதிர் காலத்தில் அவள் அண்ணன் காலமானார். அவர் வீட்டில், இறந்தவர்களை வணங்கும் புத்தர் மாடத்தில் வைத்திருந்த அவர் படம் அவ்வளவு அழகாக இருந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தவள், வீட்டுக்கு வந்ததும் பதினான்கு ஆல்பத்தையும் புரட்டிவிட்டாள். "ஏங்க, இதுல ஒண்ணுலகூட நீங்க இல்லையே. நாளைக்கு ஒண்ணுன்னா டீசல் எஞ்சினையா மாடத்துல வெச்சு ஊதுபத்தி ஏத்துறது?" என்றாள். ஓட்டுநர் உரிமத்தில் ஒரு படம் இருக்கிறதே என்றேன். "அது பிடிபட்ட திருடன் மாதிரி இருக்கு. அதைப் பாத்துக்கிட்டு நான் காலம் தள்ளணுமா?" என்றாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள், சொல்லி முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. சரி என்று பக்கத்து நகரத்துப் படக்கடையில் ஒரு சனிக்கிழமைக் காலைக்கு நேரம் குறித்தோம். அந்தச் சனிக்கிழமைதான் பனி விட்டு, காற்று நின்று, வெயில் வந்து, ஆற்றில் ஆவி எழுந்து தொலைத்தது. ஒரு குளிர்காலத்துக்கு மூன்று நாள்கூட அப்படி வாய்க்காது, தங்களுக்குத் தெரியாததா. "போயிட்டு பத்து மணிக்குள்ள வந்துடுறேன்" என்றேன். சயோ ஒரு சோற்று உருண்டையைக் கையில் திணித்தாள்.

வானிலை அறிக்கையைக் கேட்டு, முதல்நாளே பாலத்துக்கு எதிர் மேட்டில் என் காமிரா முக்காலியை நட்டு இடம் பிடித்திருந்தேன். முக்காலி நின்றால் ஆள் நின்ற மாதிரி என்பது எங்கள் வழக்கம். காலையில் போனால் ஒரு முக்காலியும் இல்லை, எல்லாம் பனிக்கு அடியில். தோண்டினேன், யாசவாவின் முக்காலி வந்தது. அந்தப் பக்கம் அவர் தோண்டினார், என்னுடையது வந்தது. மாற்றிக்கொண்டு, ஒருவருக்கொருவர் குனிந்து வணங்கி, அவரவர் இடத்தில் நட்டோம். நாங்கள் பேசி நாலு வருஷமாகிறது. மேட்டில் மொத்தம் பதினோரு பேர். கீழே ஆற்றுவரை ஒரு தடம் விழாத பனி. அதில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று போன மாதமே நான் பலகை எழுதி மேட்டு விளிம்பில் நட்டிருந்தேன். 'இந்தப் பனியில் கால் வைப்பவர் மனிதரல்லர். இப்படிக்கு மெகுரோ, ஒழுங்குக் குழு' என்று சிவப்பு வண்ணத்தில். அன்று அதையும் காணோம், பனி மூடியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வண்டிக்குப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கும்போது யாசவா, "அங்க என்னய்யா செவப்பா?" என்றார். பார்த்தால் பனிவெளியின் நட்டநடுவில் ஏதோ சிவப்பாகத் துருத்திக்கொண்டிருக்கிறது. எவனோ குப்பையைப் போட்டிருக்கிறான் என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தேவதாரு மரங்களின் ஓரமாகத் தடம் தெரியாமல் இறங்கி எடுத்துவிடுகிறேன் என்று கிளம்பினேன். நாலு அடிதான் வைத்தேன். ஐந்தாவது அடியில் ஒரு பனிச்செருப்பு மேட்டிலேயே நின்றுவிட்டது, நான் மட்டும் உட்கார்ந்த வாக்கில் சறுக்கி, சரிவு முழுக்க ஒரு பெரிய கோடு கிழித்து, அந்தச் சிவப்புச் சாமான் பக்கத்திலேயே போய் நின்றேன். துடைத்துப் பார்த்தால் 'மனிதரல்லர்' என்று இருக்கிறது. சரிந்த பனியோடு வந்துவிட்ட என் பலகையேதான் அது.

மேலே பத்து பேரும் கத்திய கத்தலை இங்கே எழுத முடியாது. "யோவ் மெகுரோ, படுத்துத் தொலைய்யா, வண்டி வருது" என்ற யாசவாவின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. படுத்தேன். பலகையை மேலே போட்டுக்கொண்டேன். அப்படியே கிடந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. ஆனால் வண்டி குகைப்பாதையை விட்டு வெளியே வந்து, பாலத்தில் மெதுவாகி, ஒரு சின்ன ஊதல் ஊதியது. வண்டியைக் கண்டால் இரண்டு கையையும் அசைக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் மன்றம் போட்ட விதி. தீர்மானத்தில் நானும் கையெழுத்திட்டவன். ஆனால் பத்தொன்பது வருஷத்தில் ஒருநாள்கூட நான் கையசைத்ததில்லை, இரண்டு கையும் எப்போதும் காமிராவில். அன்று கை காலியாக இருந்தது. எழுந்துவிட்டேன் ஐயா. ஜன்னலுக்கு ஜன்னல் சனம் கையசைக்கிறது, முள்ளங்கிக் கூடையோடு ஒரு அம்மாள் கூடையையே தூக்கி ஆட்டுகிறாள், ஓட்டுநர் தொப்பியைத் தொடுகிறார். கண்ணாடித் துண்டு வழியாக இல்லாமல் அந்த வண்டியை நான் நேரில் பார்த்தது அன்றுதான். சந்தோஷத்தில் பைத்தியம் மாதிரி இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்றேன்.

அதற்குள் மேலே பதினோராவது ஆளான என்னைத் தவிர எல்லோரும் படம் எடுத்து முடித்திருந்தார்கள். மற்ற ஒன்பது பேர் பெருந்தன்மையாக அழித்துவிட்டார்கள். யாசவா மட்டும் 'பலகை எழுதியவர்' என்று தலைப்பு வைத்துத் தங்களுக்கு அனுப்பிவிட்டார். நான் ஈரத்தோடு வீடு போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று, படக்கடை நேரமும் போயிற்று. சயோ அன்றிலிருந்து என்னிடம் பேசுவது இரண்டு வார்த்தைதான், "சாப்பாடு" என்பது ஒன்று, "குளியல்" என்பது மற்றொன்று. வீட்டில் போன மானம் போகட்டும். சங்கத்தில் இருக்கும் மிச்சத்தையாவது காப்பாற்றித் தர வேண்டுகிறேன். அந்தப் படத்தைக் கிழித்துப் போடவும், கிழித்ததற்கு ஒரு வரி எழுதவும்.

தங்கள் இதழ் நூறாண்டு ஓடட்டும், தங்கள் கூரை எவ்வளவு பனி விழுந்தாலும் தாங்கட்டும், தங்கள் வீட்டில் எல்லோரும் வசந்தத்தைச் சுகமாகப் பார்க்கட்டும்.

பணிவுடன்,
மெகுரோ சேய்கிச்சி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் யாசவா வந்தார். நான் பின்கட்டில் பனி வாரிக்கொண்டிருந்ததால், ஒரு ஜாடி ஊறுகாயையும் அந்தப் படத்தின் பிரதி ஒன்றையும் சயோவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு மணி நேரமாக அவள் கணப்பு மேசையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "ஏங்க, நாப்பத்தோரு வருஷத்துல நீங்க இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லையே" என்றாள். மாடத்துக்கு இதுதானாம், படக்கடைக்கு இனிப் போக வேண்டாமாம். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டுப் படத்தை அட்டையிலேயே போடவும். ஆனால் மாடத்துக்கு முகம் மட்டும் போதும், ரயிலை வெட்டிவிடலாம் என்று கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருக்கிறாள். பத்தொன்பது வருஷமாக ரயில் படத்திலிருந்து ஆட்களை விரட்டியவன், பின்பெட்டியையாவது விட்டுவை என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.