மாப்பிள்ளை ஃப்ளெக்ஸ் அடித்த மதிப்புரை

ஒரு புத்தகத்தைப் பற்றி உண்மையை எழுதுவதற்கு முன்னால், அதை எழுதியவருக்குக் கல்யாண வயதில் மகன் இருக்கிறானா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. இந்த ஞானம் எனக்குத் திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில், பட்டுப்புடவையோடு, இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்கள் முன்னிலையில் வந்து சேர்ந்தது. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்.

அப்போது நான் புத்தூரிலிருந்து ஸ்ரீசிட்டிக்குக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். மற்றப் பெண்கள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்குவார்கள். நான் கையில் கிடைத்ததைப் படிப்பேன். கிடைத்தது என்றால் நிஜமாகவே கிடைத்ததுதான். அட்டை போன பேய்க்கதைத் தொகுப்பு, மாமரத்துப் பூச்சியை ஒழிக்கும் கையேடு, கடைசிப் பக்கம் கிழிந்த துப்பறியும் நாவல், எண் ஜோதிடம், வாழ்வில் முன்னேற வழி. தமிழ், தெலுங்கு இரண்டும் எனக்கு ஓடும். (ஆந்திர எல்லையில், நகரி பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தெலுங்கைத் தெருவே சொல்லிக்கொடுத்துவிட்டது.) எடுத்த புத்தகம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் முடிக்காமல் கீழே வைத்ததில்லை.

படித்ததோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் சும்மா இருக்குமா? இணையத்தில் 'பஸ் வாசகி' என்று ஒரு பக்கம் ஆரம்பித்து, படித்ததையெல்லாம் தமிழில் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தேன். நட்சத்திர மதிப்பெண் எல்லாம் கிடையாது. எந்த ஊர் வந்தபோது தூக்கம் வந்தது என்று எழுதுவேன். புத்தூரில் ஏறினால் நாராயணவனம், பிச்சாட்டூர், நாகலாபுரம், சத்தியவேடு என்று போகும். சத்தியவேடு வரை கண்ணை மூட விடாவிட்டால் அது பெரிய இலக்கியம். அந்த வகையில் மாமரத்துப் பூச்சிக் கையேடு சத்தியவேடு வாங்கியது. (சிரிக்காதீர்கள். அந்தப் பூச்சி எந்தப் பக்கத்தில் எந்தக் கிளையிலிருந்து வரும் என்று கடைசி வரை பதறிப்போய்ப் படித்தேன்.) பேய்க்கதைகள் பிச்சாட்டூரிலேயே படுத்துவிட்டன. எல்லாப் பேயும் ஒரே மாமியாருடையது போலிருந்தது. விடியற்காலை எழுந்தால் கோடீஸ்வரராகலாம் என்ற புத்தகத்துக்கு, "முதல் ஷிப்டுக்காக நான் சேவலுக்கு முன்னால் எழுகிறேன், இன்னும் ஒன்றும் ஆகவில்லை" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதினேன்.

இப்படி இருக்கும்போதுதான் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரி ஒரு தெலுங்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். சித்தூரில் யார் வீட்டுக் கிரகப்பிரவேசத்திலோ தாம்பூலப் பையில் வைத்துக் கொடுத்தார்களாம். தமிழில் சொன்னால் 'பாகாலா முதல் பரமபதம் வரை'. எழுதியவர் முனிரத்தினம், பாகாலா ஜங்ஷனில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்தச் செலவில் அச்சடித்த சுயசரிதை. முழுக்கப் படித்தேன். அட்டையைப் படம் பிடித்துப் போட்டு, அதன் கீழே என் கருத்தையும் எழுதினேன். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் சிரித்தது அதற்குத்தான். ஒரு வாரம் தரையில் கால் படாமல் நடந்தேன்.

ஐந்தாறு மாதம் கழித்து எனக்கு ஒரு வரன் வந்தது. சித்தூர்ப் பையன், பெயர் தினகர், திருப்பதியில் வேலை. அம்மா இல்லாத வீடு, அப்பாவும் மகனும்தான். பெண் பார்க்க வந்தவர் சமைக்க வருமா என்று கேட்கவில்லை. "இப்ப இன்னா புக்கு படிச்சிக்கினு கீறீங்க?" என்று கேட்டார். எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது. இவரை விட்டால் வேறொருவர் வேண்டாம் என்று காபி டம்ளரை எடுக்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

அப்போது அவருடைய அப்பா பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நான் எழுதினதும்மா. நீ படிக்கிற பொண்ணுன்னு கேள்விப்பட்டேன்."

பாகாலா முதல் பரமபதம் வரை. அட்டையில் அதே முனிரத்தினம், அதே கருப்புக் கண்ணாடி. மறு கையிலிருந்த தட்டு சரிந்து மைசூர்பாகு ஒன்று கீழே விழுந்தது. எங்கள் நைனா அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"தெலுங்கா மாமா? தமிழ்ல எழுதலையா?" என்று எப்படியோ கேட்டேன்.

"நம்மளுக்குத் தமிழ் பேசறதோட சரிம்மா. எழுத்து ஒண்ணும் ராது. எங்க ஊட்ல முச்சூடும் தெலுகு மீடியம். தினகருக்கும் ராது."

ராது என்றால் தெலுங்கில் வராது. என் வாழ்க்கையில் கேட்ட மிக இனிமையான வாக்கியம் அதுதான். எங்கள் பக்கத்தில் இது சகஜம். வீட்டில் தமிழ் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், ஒப்பாரி கூட வைப்பார்கள். ஆனால் பஸ் போர்டில் தமிழ் இருந்தால் பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார்கள். ஆக, நான் எழுதியது அந்த வீட்டுக்குக் கோலம் மாதிரிதான். அன்று ராத்திரியே அந்தப் பதிவை அழித்திருக்க வேண்டும். கை போனது. ஆனால் அத்தனை பேர் சிரித்த பதிவு. மனசு வரவில்லை. புகழ் யாரை விட்டது?

நிச்சயதார்த்தம் திருப்பதியில் மாப்பிள்ளை வீட்டு ஏற்பாடு. எங்கள் ஆட்கள் வேனில் போய் இறங்கினோம். மண்டபத்துக்குள் நான் வலது காலை எடுத்து வைத்ததும் மேடையைப் பார்த்தேன். இடது கால் வர மறுத்துவிட்டது.

மேடையின் பின்சுவர் முழுக்க ஒரு ஃப்ளெக்ஸ். ஒரு ஓரத்தில் நானும் தினகரும். மறு ஓரத்தில் முனிரத்தினம் மாமா, கும்பிட்டபடி. நடுவில் கட்டில் அகலத்துக்குப் புத்தக அட்டை. அதன் கீழே, கொட்டை எழுத்தில், ஒரு வரி விடாமல், நான் எழுதிய மதிப்புரை.

தினகர் பக்கத்தில் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லாக் கீதா? எங்க நைனா புக்கைப் பத்தி, எங்களத் தெரியறதுக்கு முன்னாடியே நீ எழுதியிருந்தியே, நெட்ல உன் பக்கத்துல அட்டையோட பாத்தேன். சர்ப்ரைஸா இருக்கட்டும்னு அப்டியே குடுத்து அடிச்சிட்டேன். சித்தூர்ல ஃப்ளெக்ஸ்காரருக்கும் தமிழ் ராது. ஆனா ஒரு எழுத்துகூட உடையாமப் போட்டுக் குடுத்தாரு."

(மொழிபெயர்க்கும் பொத்தான் இருக்கிறதே, அமுக்கிப் பார்க்கக் கூடாதா என்பீர்கள். அமுக்கியிருக்கிறார். 'இந்த நூல் நல்ல தூக்கம் தரும், தேவைப்படுவோருக்குப் பரிந்துரைக்கிறேன்' என்று ஒரே ஒரு வரிதான் தெலுங்கில் வந்ததாம். மாமாவுக்குத் தூக்கமின்மைத் தொல்லை உண்டு. ரொம்பச் சந்தோஷப்பட்டாராம்.)

எனக்குப் பின்னால் எங்கள் கூட்டம் மொத்தமும் நின்றுவிட்டது. எங்கள் பக்கம் எல்லோருக்கும் தமிழ் படிக்க வரும். பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சித்தப்பா வாயசைத்துப் படித்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் துண்டால் வாயைப் பொத்தினார். அம்மா என் முழங்கையைக் கிள்ளி, "இன்னாடி எழுதி வெச்சிக் கீற?" என்று பல்லுக்குள் கேட்டாள். நைனா கடைசி வரி வரை படித்துவிட்டு, வந்த வேன் வாசலில் நிற்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் எங்களைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அசந்துபோய் நிற்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். அசந்துதான் போயிருந்தோம்.

வாழைமரத்தை நகர்த்தி மறைக்கலாம் என்றார் சித்தப்பா. அதற்குள் மாமா மைக்கைப் பிடித்துவிட்டார்.

"எங்க ஆளுங்களுக்குத் தமிழ் படிக்க ராது. காதால கேட்டாத் தெரியும். அதனால நம்ம கோடலே அதைப் படிச்சிக் காட்டணும்" என்று சொல்லி மைக்கை என் கையில் கொடுத்தார். கோடலு என்றால் மருமகள். அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தில் மைக்கைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

நான் ஃப்ளெக்ஸைப் பார்த்தபடி, அதில் இல்லாததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். "இந்த நூல் ஒரு பொக்கிஷம். ஒவ்வொரு வீட்டிலும் பூஜை அறையில் இருக்க வேண்டியது. ஆசிரியரின் நடை கங்கை." அவர்கள் பக்கம் கைதட்டியது. எங்கள் பக்கம் தலையைக் குனிந்துகொண்டது. தைரியம் வந்து, "இமயமலை" என்று ஆரம்பித்தபோது முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏம்மா, நீ சொல்றது ஒண்ணா கீது, அங்க எழுதிக் கீறது ஒண்ணா கீதே."

பாக்கியம் அத்தை. மாமாவின் தங்கை. காட்பாடியில் வாக்கப்பட்டு, பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தே தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டவர். அவரைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. அத்தை நிதானமாக மேடை ஏறி, என் கையிலிருந்து மைக்கை வாங்கி, எழுத்துக்கூட்டாமல், செய்தி வாசிப்பவர் போல வாசித்தார்.

"பாகாலாவில் ரயில் கொஞ்ச நேரம் நின்று கிளம்பிவிடும். இந்தப் புத்தகம் அங்கேயே நிற்கிறது. ஆசிரியர் பத்தாவது பாஸாவதற்குள் எனக்கு நாராயணவனத்தில் ஒரு தூக்கம், பிச்சாட்டூரில் ஒரு தூக்கம். நடுவில் மூலத்துக்கு மருந்து வருகிறது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை, ஆசிரியருக்கும் தெரிந்திருக்காது. படங்கள் ஏராளம். ஒன்று ஆசிரியர் யாருக்காவது சால்வை போடுகிறார், அல்லது யாராவது ஆசிரியருக்குப் போடுகிறார்கள். சால்வை மட்டும் ஒரே சால்வை. தூக்கம் வராதவர்களுக்குத் தாராளமாகப் பரிந்துரைக்கிறேன்."

மண்டபத்தில் சமையல்காரர் கரண்டியை வைக்கும் சத்தம் கேட்டது. தினகர் முகத்தில் ரத்தமில்லை. நைனா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு மேடைப் பக்கம் நடந்தார். என் கல்யாணம் இத்தோடு முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தினகர் என்னைப் பார்ப்பாரா என்று பார்த்தேன். பார்க்கவில்லை.

அத்தை நிறுத்தவில்லை. இன்னும் நான்கு வரி இருந்தது.

"கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில், மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது தானே முதல்முறையாகக் கீரைக்குழம்பு வைத்து எடுத்துப்போனதை எழுதியிருக்கிறார். உப்புப் போட மறந்துவிட்டார். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் சாப்பிட்டிருக்கிறார். அதைப் படித்த அன்று நான் கம்பெனி வாசலில் இறங்க மறந்து, பஸ் திரும்பும் இடம் வரை போய்விட்டேன்."

அத்தையின் குரல் கடைசியில் லேசாகத் தடுமாறியது. மைக்கைக் கீழே இறக்கினார்.

மாமா என்னைப் பார்த்தார். "அந்தப் பக்கம் வரைக்கும் படிச்சியா நீ?"

"படிச்சேன் மாமா. முழுசா படிச்சேன். மன்னிச்சிடுங்க."

அவர் என்னை விட்டுவிட்டுத் தன் சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பினார். "உங்க எல்லாருக்கும் குடுத்தேன். பாகுந்தி, நல்லாக் கீதுன்னீங்க. ஒருத்தராவது கீரைக்குழம்பப் பத்தி ஒரு வார்த்த கேட்டீங்களா?"

எல்லோரும் மடியிலிருந்த தாம்பூலப் பையைப் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள்ளும் ஆளுக்கொரு பிரதி இருந்தது.

அப்போதுதான் தினகர் கேட்டார். "அம்மாவப் பத்தி எழுதியிருக்கியா நைனா?"

அன்றைய அதிர்ச்சிகளில் எனக்கு இதுதான் பெரியது. ஃப்ளெக்ஸ் எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. சொந்த மகன் படிக்கவில்லை.

"எழுதிக் கீறேன்டா. நீ போட்டோவப் பாத்துட்டு வெச்சிட்ட."

தினகர் ஒரு பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, மேடைப் படியில் உட்கார்ந்து, பின்பக்கமிருந்து புரட்டினார். பட்டு வேட்டி தரையில் புரண்டது. ஐயர் கடிகாரத்தைக் காட்டி, "நல்ல நேரம் போய்க்கினு கீது" என்றார்.

"படிக்கட்டும் சாமி. ஒரு பக்கந்தான்" என்றார் மாமா.

இரண்டு பக்கத்துச் சொந்தமும் ஒரு மாப்பிள்ளை ஒரு பக்கம் படித்து முடிக்கும் வரை காத்திருந்தது. முடித்துவிட்டு அவர் எழுந்து அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். நான் ஓவென்று அழுதேன். அம்மா என் மையைத் துடைத்துக்கொண்டே திட்டினாள். மாமா மூக்கை உறிஞ்சிவிட்டு, "தட்ட மாத்துங்க" என்றார்.

கல்யாணம் ஆன மறுமாதம் மாமா ஒரு சிலேட்டு வாங்கிவந்தார். இனிமேல் தனக்குத் தெரியாமல் யாரும் தமிழில் தன்னைத் திட்டக் கூடாதாம். அரிச்சுவடியில் ஆரம்பித்து ஒரு வருஷத்தில் முழு வரி படிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். எனக்கு ரொம்பப் பெருமை. அவர் எதற்காக அவ்வளவு அவசரமாக எழுதவும் கற்றுக்கொண்டார் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனை எடுத்தால், மாமா இணையத்தில் தமிழில் முதல் பதிவு போட்டிருந்தார். நான் செய்த உப்புமாவின் படம். கீழே கருத்து: 'இது உப்புமா என்று கோடலு சொன்னாள். நான் நம்பினேன். தட்டைக் கவிழ்த்தேன், விழவில்லை. வீடு கட்டுபவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.' அன்று முதல், வாரம் ஒரு பதிவு தவறுவதில்லை. இப்போதெல்லாம் யார் வீட்டுக்கு வந்தாலும், இலை போட்டு நான் பரிமாறினாலும், கையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"இரும்மா, பெரியவரு எழுதட்டும். படிச்சிட்டுத் துன்றோம்."