மெத்தைக்கு அடியில் ஒரு மகன்

சோறு போடும் பிள்ளை, சொத்தை எழுதி வாங்கும் பிள்ளை, பொங்கலுக்கு வந்து போட்டோ பிடித்துக்கொண்டு போகும் பிள்ளை என்று நீங்களே ஏழெட்டு வகைப் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். நான் சொல்லப் போவது புது இனம். இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை, அதனால் நானே வைத்துவிட்டேன். அலாரப் பிள்ளை.

கண்டுபிடிப்பது சுலபம். கல்யாணப் பந்தியில் உங்களுக்குப் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்திருப்பார், சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டு. சட்டைப் பையில் போன் கீய்ங் கீய்ங் என்று கத்தும். எச்சில் கையை உயரத் தூக்கிக்கொண்டு, இடது கையால் போனை எடுத்துப் பார்த்து, கடைசி இலை வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்வார்:

"எங்கப்பா ஒண்ணுக்குப் போக எந்திரிச்சிட்டாக!"

பாயச வாளியோடு வந்தவர் அப்படியே நிற்பார். நமக்குப் பாயசம் இறங்குமா? அவருக்கு இறங்கும். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக் குடிப்பார். கடமையைச் செய்துவிட்ட தெம்பு அது.

எனக்குத் தெரிந்த முதல்தரமான அலாரப் பிள்ளை செல்வக்குமார். அருப்புக்கோட்டையில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறான். பக்கத்து ஜெராக்ஸ் கடை என்னுடையது, ஆகவே நான் சொல்வதெல்லாம் நடுவில் ஒரே ஒரு சுவரை வைத்துக்கொண்டு கண்டதும் கேட்டதும். அவன் அப்பா ஜோதிலிங்கம் அண்ணாச்சி திருச்சுழியில் இருக்கிறார். நாற்பது வருஷம் அங்கே தானியக்கடை நடத்தியவர். மனைவி போன பிறகும் ஊரை விட்டு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் திருச்சுழி. ஏதோ அமெரிக்காவில் இருக்கும் மகன் என்று நினைத்துவிடாதீர்கள்.

அண்ணாச்சி போன தை மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. மதுரையில் ஆபரேஷன். அனுப்பும்போது டாக்டர் இரண்டே விஷயம் சொன்னார். தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும், ஒரு ஆள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு தடவை விழுந்தால் அப்புறம் படுக்கைதான். கூட இருந்து கவனிக்க மாயக்காளை வைத்தார்கள். ஐம்பது வயது, எலும்பும் இரும்பும் கலந்த உடம்பு. பகலில் சமையல், ராத்திரி அதே அறையில் பாய்.

நம் ஆள் என்ன செய்தான்? ஆன்லைனில் ஒரு விரிப்பு வாங்கினான்.

தலையணை அகலத்துக்கு ரப்பர் விரிப்பு. மெத்தைக்கு அடியில் போட வேண்டும். ஆள் படுத்திருந்தால் சும்மா இருக்கும், எழுந்தால் கூப்பாடு போடும். சாமானைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல சாமான். கூடவே சோப்பு டப்பா அளவில் ஒரு மணிப்பெட்டி வந்திருந்தது. நோயாளி எழுந்தால் அதில் மணி அடிக்கும். அது யாருக்கு என்று அட்டைப்பெட்டியிலேயே படம் போட்டிருந்தார்கள்: அடுப்படியில் ஒரு பெண், இடுப்பில் மணிப்பெட்டி, கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுகிறாள். பச்சைக் குழந்தைக்கும் புரியும்.

செல்வக்குமாருக்குப் புரியவில்லை. "அந்தக்கா என்னத்தக் கண்டுச்சு? நானே பாத்துக்கிறேன்" என்று விரிப்பைத் தன் போனோடு இணைத்துவிட்டு, மணிப்பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டான். வெள்ளிக்கிழமை அதற்கும் சந்தனம் வைப்பான்.

இப்போது நடைமுறையைக் கேளுங்கள், திருச்சுழிப் பக்கத்துக் கதை பின்னால் மாயக்காள் சொன்னது. திருச்சுழியில் அண்ணாச்சி எழுந்திருப்பார். மாயக்காள் அவர் கையைப் பிடித்திருப்பாள். அருப்புக்கோட்டையில் போன் கத்தும். இவன் பிரைமர் டப்பாவைப் போட்டுவிட்டு மாயக்காளின் போனைக் கூப்பிடுவான். அது பட்டன் போன். சார்ஜர் ஒயரைப் பிடுங்கினால் அதற்கு உயிர் போய்விடும், அதனால் எந்நேரமும் அடுப்படிச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். எடுக்கும்வரை இவன் விட மாட்டான்.

"அண்ணாச்சி, ஜன்னக் கம்பியக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. தம்பி கூப்புடுது."

"எதுக்காம்?"

"நீங்க எந்திரிச்சிட்டீகளாம்."

கையை விட்டுவிட்டு ஓடுவாள். இவன் போனில், "அப்பா எந்திரிச்சிட்டாகக்கா, ஓடிப் போயிப் பிடிங்க!" என்பான். பிடித்துக்கொண்டிருந்த கையை விடவைத்து, போய்ப் பிடி என்று சொல்கிற சாமர்த்தியம் வேறு எந்த இனத்துக்கு வரும்? ஒரு நாளைக்கு ஆறு தடவை இது நடந்தது.

ஒரு நாள் அண்ணாச்சியின் கால் மடங்கிவிட்டது. கம்பியிலிருந்து கை நழுவி, சுவரோடு சரிந்து, பின்னால் கிடந்த நாற்காலியில் போய் விழுந்தார். நாற்காலி மட்டும் அங்கே இல்லாதிருந்தால், டாக்டர் சொன்ன படுக்கை அன்றைக்கே வந்திருக்கும். மாயக்காள் உட்கார்ந்து அழுதே விட்டாள். அண்ணாச்சி அவளைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், மூச்சு வாங்கிக்கொண்டே அவள் போனில் மகனைக் கூப்பிட்டார்.

"ஏலே, அந்த மணிய இந்தப் பிள்ளைகிட்டக் குடுத்துட்டுப் போலே."

"ஒங்களுக்கு டெக்னாலஜி புரியாதுப்பா. நான் இருக்கேன்ல?"

எங்கே இருக்கிறான்? அதுதானே கேள்வி.

அண்ணாச்சி அன்றைக்கே பழைய எடைக்கல்லையெல்லாம் எடுத்துவரச் சொன்னார். நாற்பது வருஷம் தராசு பிடித்தவரிடம் ஒரு ரப்பர் விரிப்பு தப்ப முடியுமா? மெத்தை மேல் பத்து கிலோ கல்லை வைத்துவிட்டு எழுந்தார், அடுப்படியில் போன் அடித்தது. இருபது வைத்துவிட்டு எழுந்தார், அப்போதும் அடித்தது. முப்பது வைத்தார். போன் பேசவில்லை. "அவ்வளவுதான் இவனுக்குத் தெரிஞ்ச அப்பன். முப்பது கிலோ" என்றார்.

கல்லை வைத்தால் மெத்தை கிழியுமே என்றாள் மாயக்காள். மல்லி மூட்டை வைப்போமா என்று யோசித்து, மல்லி எடைக்கு மேல் இடத்தை அடைக்கும், உளுந்துதான் ஆள் மாதிரி அமுங்கிப் படுக்கும் என்று அண்ணாச்சியே முடிவு செய்தார். முப்பத்தைந்து கிலோ உளுந்து. முதலில் மூட்டை கட்டிலில் ஏறும், அப்புறம் அண்ணாச்சி இறங்குவார். மாயக்காளின் இரண்டு கையும் அவருக்கே கிடைத்தன. மகன் மனசு நோகக் கூடாது என்று காலை பத்து மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் மட்டும் மூட்டையை இறக்கி ஒரு சத்தம் கொடுப்பார்கள்.

இங்கே கடையில் செல்வக்குமார் பூரித்துப்போனான். தன் போனில் வரும் கோட்டுப்படத்தை எனக்குக் காட்டுவான், எமல்ஷன் வாங்க வந்தவருக்குக் காட்டுவான், கோயம்புத்தூரில் இருக்கும் தங்கை தேவிபிரியாவுக்கு அனுப்புவான். "ராத்திரி பூராம் ஒரு தடவகூட எந்திரிக்கலண்ணே. என்னா தூக்கம்! எல்லாம் இந்த விரிப்பு வந்தப்புறந்தான்." தங்கை கும்பிடுகிற கை நாலு அனுப்புவாள். அவளும் அதே இனம், கோயம்புத்தூர்க் கிளை.

"போய்ப் பாத்தியாப்பா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அதான் தெனமும் பாக்குறேனேண்ணே!" என்று போனைக் காட்டினான். மூன்று மாதத்தில் இரண்டு தடவை போயிருந்தான். இரண்டாவது தடவை விரிப்புக்கு பேட்டரி மாற்ற.

அண்ணாச்சிக்குக் கால் தேறிக்கொண்டே வந்தது. வாசல் வரைக்கும் நடந்தார். அப்புறம் தெருமுனை. அப்புறம் பஸ் ஸ்டாண்டு வரை போய், ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பினார். ஊரே பார்த்தது. ஒரு ஆள் பார்க்கவில்லை. அது அவருக்கு உறுத்தியது. "மாயக்கா, நான் நடக்கிறத எம் மகன் ஒரே ஒரு தடவ நேர்ல பாக்கணும். அவன் வரமாட்டான். நாம போவோம்" என்றார்.

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை மூட்டையை ஏற்றிப் போர்வையும் போர்த்திவிட்டு, இரண்டு பேரும் நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். மாயக்காளின் போன் சுவரிலேயே தொங்கியது. கிளம்பும் பரபரப்பில் பத்து மணிச் சத்தத்தை மறந்துவிட்டார்கள். சீக்கிரம் வந்துசேர்ந்திருந்தால் தெரியாமலே போயிருக்கும், ஆனால் அவர்கள் ஏற நினைத்த பஸ் அன்றைக்கு வரவேயில்லை.

பத்து ஆனது. பத்தரை. செல்வக்குமார் போனைத் தட்டிப் பார்த்தான், குலுக்கிப் பார்த்தான். நேற்றுச் சாயங்காலம் நாலு மணிக்கு எழுந்து படுத்தவர் அப்புறம் அசையவில்லை. மாயக்காளைக் கூப்பிட்டான். பதினெட்டுத் தடவை. பதினோரு மணிக்கு முகம் சுண்ணாம்பாகி என் கடைக்குள் ஓடிவந்தான்.

"அண்ணே... அப்பா எந்திரிக்கலண்ணே! கடையப் பாத்துக்கோங்க!"

அப்படியே பைக்கை எடுத்தான். போகிற வழியிலேயே தங்கைக்குச் சொன்னான், அவள் அழுதுகொண்டே காரில் ஏறிவிட்டாள். பந்தல்குடியில் இருக்கும் சித்தப்பா மகன் சங்கையாவுக்குச் சொன்னான். சங்கையா விவரமானவன், எதுக்கும் இருக்கட்டும் என்று ஒரு ரோஜா மாலையும் வாங்கிக்கொண்டே கிளம்பினான். பாதி வழியில் எதிரே வந்த பஸ்ஸை ஹாரன் அடித்து ஒதுங்கச் சொல்லிப் பறந்திருக்கிறான் செல்வக்குமார். அந்த பஸ்ஸில் மூன்றாவது சீட்டில், ஜன்னலோரம், அண்ணாச்சி.

நான் செல்வக்குமாரின் கல்லாவில் உட்கார்ந்திருந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வெள்ளை வேட்டி, கையில் ஊன்றுகோல், நெற்றியில் திருநீறு. மாயக்காள் கையை நீட்டினாள், அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மூன்று படியையும் தானே ஏறினார். ஏறி நின்று, சிரித்த முகத்தோடு கடைக்குள் தேடினார்.

"எங்க அவன்?"

என்னத்தைச் சொல்ல? "ஒங்களப் பாக்கத்தான் அண்ணாச்சி... நீங்க எந்திரிக்கலன்னு..." என்று முழுங்கினேன். மாயக்காள் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யய்யோ, பத்து மணிக்கு மூட்டைய எறக்கலயே!"

என் போனில் அவனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். ஒரே கேவல். பூட்டை உடைத்து உள்ளே போய், போர்வையோடு கட்டிப்பிடித்து, அப்பா அப்பா என்று ஒரு மூச்சு அழுது முடித்த பிறகுதான் கையில் சணல் குத்தியிருக்கிறது. "அண்ணே, அப்பாவக் காணோம்ணே! அப்பா எடத்துல உளுந்து மூட்ட கெடக்கு!"

"நான் ஒங் கடையிலதான்லே உக்காந்திருக்கேன்" என்றார் அண்ணாச்சி.

ஊன்றுகோலைக் கல்லாவில் சாய்த்துவிட்டுப் போனைக் கையில் வாங்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார். கோபமில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மூணு மாசமா நான் எந்திரிச்சப்பெல்லாம் நீ போன் பண்ணுனே. எந்திரிக்கலன்ன ஒடனே ஓடி வந்துட்டியே. அப்ப, ஒன்னையப் பாக்கணும்னா நான் எந்திரிக்காமக் கெடக்கணுமாய்யா?"

"அப்பா..." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "அங்கனயே இருங்கப்பா, இந்தா வாரேன்."

"வேண்டாம். நீ பஸ் ஸ்டாண்டுல வந்து நில்லு. நான் பஸ்ஸு ஏறி வாரேன். எறங்கி நடந்து வாரதப் பாரு. அதுக்குத்தான் கெளம்புனேன்."

போனைக் கொடுத்துவிட்டுச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பிரைமர் டப்பாவை அடுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன். மாயக்காள் கல்லாவுக்குப் பக்கம் எட்டிப் பார்த்தாள். சாமி படத்துக்குக் கீழே சந்தனப் பொட்டோடு இருந்த மணிப்பெட்டியை எடுத்து, அழுத்தித் துடைத்து, தன் மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் அண்ணாச்சி இறங்கி நடந்ததை மகன் பார்த்தானாம். மகள் சாயங்காலம் வந்துசேர்ந்து பார்த்தாளாம். சங்கையா மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் பிள்ளையாருக்குப் போட்டுவிட்டான். மணி இப்போது மாயக்காளின் இடுப்பில் இருக்கிறது, அடித்தால் அவள்தான் ஓடுகிறாள். உளுந்து வடையாகிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்வருகிறான் செல்வக்குமார். திருந்திவிட்டான் என்றுதான் நானும் நினைத்தேன். நேற்றுக் காலை என் கடைக்குள் தலையை நீட்டினான்.

"அண்ணே, புது மாடல் ஒண்ணு வந்திருக்கு. மூட்டைக்கும் ஆளுக்கும் வித்தியாசம் கண்டுபிடிச்சிருமாம்!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். என் அம்மா வீட்டில் நானும் ஒரு கேமரா மாட்டியிருக்கிறேன், அதைப் பற்றி நான் மூச்சே விடவில்லை பாருங்கள். உங்கள் போனும் இதைப் படிக்கிறபோதே ஒரு தடவை துடித்தது. எடுத்துப் பார்த்தீர்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று காட்டியது. கட்டைவிரல் ஒன்று அனுப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து படிக்க வந்துவிட்டீர்கள். அதெல்லாம் சரி, நேரில் போய் அந்தப் போர்வையை விலக்கிப் பார்த்து எத்தனை நாள் ஆகிறது?