பின்பக்கம் பார்த்து வாங்கிய கோழிகள்

தாராவியில் ரிஜெக்ட் பாயின் கண்ணுக்குத் தப்பிய குறை என்று எதுவுமே கிடையாது. ஆண்டவன் தன் படைப்பை அவர் மேஜைக்கு அனுப்பியிருந்தால் பாதியைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

பாய் எங்கள் லெதர் பட்டறையில் செக்கிங் மாஸ்டர், தென்காசிப் பக்கத்துக்காரர். நான் அங்கே பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன். தைத்து வரும் பர்ஸை முதலில் கவிழ்த்துப் பின்பக்கம்தான் பார்ப்பார். தையல் நூலளவு கோணியிருந்தாலும் "ரிஜெக்ட்!" என்பார். அடுத்த நொடி கத்தரியால் குறுக்கே ஒரே வெட்டு. வெட்டாமல் விட்டால் எவனாவது வெளியே விற்றுவிடுவானாம். தைத்தவனை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்.

"மொகத்தைப் பாத்தா மயங்கிருவோம்லே. பொறத்தால திருப்பிப் பாரு, உண்மை தெரியும்" என்று எனக்குப் பாடம் வேறு.

பட்டறையோடு விட்டாரா? வடையைத் திருப்பிப் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தைப் படிப்பார். அங்கே ஒன்றும் இருக்காது, ஆனாலும் படிப்பார். பக்கத்து வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, விருந்து முடிந்து சலாம் சொல்லித் திரும்பியதுதான் தாமதம், காலருக்குப் பின்னால் இருந்த அழுக்கைப் பார்த்துச் சபையிலேயே "ரிஜெக்ட்" என்றார். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது.

இப்பேர்ப்பட்டவர்தான் ஒருநாள் கோழி வாங்கினார்.

அவர் மனைவி மைமூன் அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன். மாடி அறையை விட்டு இறங்க முடியாது. பிள்ளைகளும் இல்லை. "பேச்சுத் துணைக்கு ரெண்டு கோழியாவது வாங்கிட்டு வாங்களேன்" என்றார். அவரிடம் அக்கா எதையும் வாய்விட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. உல்லாஸ்நகருக்குச் சாம்பிள் கொடுக்கப் போன பாய், இரண்டு பொட்டைக் கோழிகளோடு திரும்பினார். வாலில் ஆரம்பித்து, இறகு, கால், நகம் என்று அரை மணி நேரம் சோதித்தாராம். கழுத்து வரை வந்தபோது டிரெயினுக்கு நேரமாகிவிட்டது.

மறுநாள் காலை அக்கா டைல்ஸ் தரையில் அரிசியை இறைத்தார். கோழிகள் டொக் டொக்கென்று கொத்தின. ஒரு மணிகூட வாய்க்குள் போகவில்லை. குனிந்து பார்த்தால் மேல் அலகு பாதியிலேயே நின்றிருக்கிறது. கீழ் அலகு கரண்டி மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்குமே அப்படித்தான்.

ரிஜெக்ட் பாய் டேமேஜ் சரக்கு வாங்கிவிட்டார்! சந்து முழுக்க அதே பேச்சு. அவர் கத்தரிக்குப் பர்ஸைப் பலி கொடுத்த தையல்காரர்களெல்லாம் ஒவ்வொருவராகப் படியேறி வந்து, கோழியைத் தூக்கி, ரொம்ப மரியாதையாகப் பின்பக்கம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் வரை கோழிகள் பட்டினி. சின்னது இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் உட்கார்ந்துவிட்டது.

"ரிஜெக்ட். திருப்பிக் குடுத்துட்டு வேற வாங்கிட்டு வாறேன்" என்றார் பாய்.

"வேற எனக்கு வேணாம்" என்றார் அக்கா. "ஒரு நா பூரா எங்கூட இருந்திருக்கு. இது பொழைக்கணும். எதாவது பண்ணுங்க."

பாய் கேட்கவில்லை. விடிந்ததும் கோழிகளைப் பையில் போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு சயானில் டிரெயின் ஏறினார்.

உல்லாஸ்நகரில் கோழி விற்ற கடைக்காரன் அலட்டிக்கொள்ளவே இல்லை. "சாச்சா, ஃபார்ம் கா மால் ஹை. சப் ஐஸாஹீ ஹை" என்று கூண்டைக் காட்டினான். பண்ணைச் சரக்கு எல்லாமே இப்படித்தானாம். பண்ணையில் நெருக்கி அடைப்பதால் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளுமாம். அதற்காகக் குஞ்சிலேயே மெஷினில் வைத்து அலகு நுனியை வெட்டிவிடுவார்களாம். எவனோ அவசரக்காரன் கூடுதலாக வெட்டியிருக்கிறான். கூண்டிலிருந்த அத்தனைக்கும் அதே வாய்.

"லாவோ" என்று பைக்கு ஒரு கையை நீட்டி, மறு கையால் கத்தியை எடுத்தான். "டேமேஜ் பீஸ் ஹை, காட் தேத்தா ஹூன்." டேமேஜ் பீஸ்தானே, அறுத்தே கொடுத்துவிடுகிறானாம்.

பாய் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அந்தக் கத்தியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏலே, இதுல கோழி மேல என்னலே குத்தம்?" என்றார் என்னிடம். "வேலக்காரன் கோணலா வெட்டியிருக்கான். அதுக்கு இத அறுப்பானாம். நியாயமாலே?"

எனக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் சொல்லத் தேவையிருக்கவில்லை. கேட்டு முடித்ததுமே அவர் தலை குனிந்துவிட்டது.

திரும்பி வரும்போது பையைத் திறந்து, வழி நெடுக அதுகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். மயங்கிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆழமான சட்டி ஒன்றைத் தேடி எடுத்தார். குருணையும் மாவும் ஈரமாகப் பிசைந்து, பட்டறை ஸ்கேலை வைத்து அளந்து, சரியாக மூன்று இஞ்சு நிரப்பினார். பெரியது கீழ் அலகால் மண்வெட்டி போல அள்ளி விழுங்கியது. சின்னது எழுந்திருக்கவில்லை. பாய் அதை மடியில் வைத்து, விரல் நுனியால் ஊட்டிக்கொண்டே இருந்தார். பட்டறைக்குப் போகவில்லை. மத்தியானத்துக்கு மேல் அது மெல்ல எழுந்து, தானே சட்டிக்குள் தலையை விட்டது.

"பாஸ்லே! பாஸ்!" என்று கத்தினார். அவர் வாயில் அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அடுத்த வாரம் ஒரு பர்ஸ் வந்தது, தையல் கோணலாக. பாய் கத்தரியை எடுத்தார். கீழே வைத்தார். நிமிர்ந்து, தைத்தவர் முகத்தைப் பார்த்தார்.

"என்ன வே, கண்ணு தெரியலயா?"

"ரெண்டு மாசமா மங்கலாத்தான் தெரியுது பாய்" என்றார் அந்தப் பெரியவர், பயந்துகொண்டே.

அன்றே அவரைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். பர்ஸை என் பக்கம் தள்ளிவிட்டார். "கோணல்தான்லே. ஆனா ஒழைக்கும். வச்சுக்க."

பாய் மறைந்து மூன்று வருஷமாகிறது. போன மாதம் என் மகள் மாட்டுங்காவில் புது பர்ஸ் ஒன்று வாங்கித் தந்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அலமாரியில் வைத்துவிட்டு, பாய் கொடுத்ததையே பையில் போட்டுக்கொண்டேன்.