ஏலத்தில் எடுத்த ஐந்தடித் தொட்டி

எஸ்ரா எழுதிய பத்திரத்தில் ஓட்டை கண்டுபிடித்தவர் சங்கரன்கோவிலில் இதுவரை யாரும் இல்லை. வீட்டில் மட்டும் அவர் வாயைத் திறந்தாலே ஓட்டை தெரிந்துவிடும். காரணம், அவர் மனைவி டெபோரா டீச்சர்.

ஐம்பது வயதில் எஸ்ராவுக்கு ஓர் ஆசை வந்தது. முன்னறையில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. உள்ளே பிளாஸ்டிக் இல்லாத நிஜச் செடிகள். செடிகளுக்கு நடுவே சிவப்பும் நீலமுமாய் மீன்கள். எதிரே நாற்காலி போட்டு அவர். இதை டெபோராவிடம் விவரமாகச் சொன்னார்.

"இருக்கதே பத்தடி ஹாலு. தொட்டி வந்தா நாம எங்கன இருக்க? செடிக்கு நடுவுலயா?" என்றாள் அவள், விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே.

அந்தக் கோர்ட்டில் மேல்முறையீடு கிடையாது. ஆனால் பத்திரம் எழுதுகிறவர் சும்மா இருப்பாரா? மூன்று நாள் யோசித்து வழி கண்டுபிடித்தார். வழியின் பெயர் ஸ்தோத்திரப் பண்டிகை.

அந்தப் பண்டிகைக்குச் சபையார் விளைந்ததையும் வளர்த்ததையும் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் அத்தனையும் ஏலம். அங்கே எடுத்த பொருளை டெபோரா வேண்டாம் என்று சொன்னதே இல்லை. போன வருஷம் எஸ்ரா தலையைச் சொறியக் கையைத் தூக்கினார். ஏலம் விடும் நேசமணி அண்ணாச்சி அதை ஏலக் கேள்வியாக எடுத்துக்கொண்டு ஓர் ஆட்டை அவர் தலையில் கட்டிவிட்டார். ஆண்டவர் சந்நிதியில் கிடைத்ததென்று டெபோரா அதற்கு அகத்திக்கீரை வாங்கிப் போட்டு வளர்த்தாள்.

ஆட்டுக்கு இடம் உண்டென்றால் மீனுக்கு இல்லாமல் போகுமா? தொட்டியை இவரே வாங்கி, பெயர் சொல்லாமல் கோயிலில் இறக்கி, இவரே ஏலத்தில் எடுத்துவிடுவது. ஒரே பொருளுக்கு இரண்டு முறை விலை கொடுக்க வேண்டியிருக்கும். பெரிய மூளைகள் இந்த மாதிரிச் சின்ன விஷயங்களைக் கவனிப்பதில்லை.

வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் ஹபீப் முகம்மதுவிடம் போய், ஏலத்துக்குக் கோயிலில் இறக்கிவிட்டுப் பிறகு தன் வீட்டில் வைக்க மூன்றடித் தொட்டி கேட்டார். ஹபீப் உள்ளே போய் யாரிடமோ போன் பேசிவிட்டு வந்தார்.

"மூணடியில செடி வச்சா கீரைப் பாத்தி மாதிரி இருக்கும் அண்ணாச்சி. அஞ்சடி எடுங்க."

எஸ்ராவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஐந்தடியே எடுத்தார். அடியில் போடக் குருவிகுளத்துக் கரிசல் மண்ணை ஒரு மூட்டை அள்ளி வரலாமா என்று கேட்டார். அதைப் போட்டால் மீனை டார்ச் அடித்துத்தான் தேட வேண்டும் என்று ஹபீப் செடிக்கென்றே வரும் குருணை மண்ணை எடுத்து வைத்தார். பிறகு இலை சிவக்க வைக்கிற விளக்கு. செடி செழிக்கக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், அதை விளக்கோடு சேர்த்துத் திறந்து மூடும் டைமர். ஃபில்டருக்கு வந்தபோதுதான் ஓர் இடறல். எஸ்ரா ஸ்பாஞ்சு வைத்த சின்னதைக் காட்டினார்.

"அது இவ்வளவு தண்ணிக்குத் தாங்காது. சத்தமும் போடும். ஸ்டாண்டுக்குள்ள வைக்க கேனிஸ்டர் ஃபில்டர்தான் வேணும். பிள்ளைங்க பாட்டு பாடும்போது தொந்தரவு இருக்கப்பிடாதுல்லா."

"எங்க வீட்டுல எந்தப் பிள்ளை பாடுது? ஒரே மவன், அவனும் சென்னையில இருக்கான்."

"பொதுவாச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்று ஹபீப் அவசரமாக அட்டைப்பெட்டியைத் துடைத்தார்.

பண்டிகை வந்தது. பூசணிக்காய், வாழைத்தார், சேவல்கள் என்று ஒவ்வொன்றாய்ப் போனபின் நேசமணி அண்ணாச்சி தொட்டிக்கு வந்தார். பெயர் சொல்ல விரும்பாத ஒரு விசுவாசியின் காணிக்கை என்று அறிவித்தார். எஸ்ரா கூரையைப் பார்த்தார். எவன் கேட்கப்போகிறான், சேவல் விலைக்கே முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு. ஆனால் பெண்கள் பக்கத்திலிருந்து ஞாயிறு பள்ளி நடத்தும் ப்ரியதர்ஷினி டீச்சர் கை தூக்கினாள். இவர் தூக்கினார். அவள் மறுபடி தூக்கினாள். சேவல் விலை ஆட்டு விலையாகி, ஆட்டு விலை மாட்டு விலையானபோது அவள் உட்கார்ந்துவிட்டாள். மூன்று தரம் சொல்லி முடித்தார் அண்ணாச்சி. தொட்டி எஸ்ராவுடையது. அவருக்கு ஸ்தோத்திரம் சொல்லி அழ வேண்டும்போல இருந்தது.

அப்போது டெபோரா எழுந்தாள். பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் எழுந்தால் சபை அமைதியாகிவிடும்.

"எங்க வீட்டுக்காரங்க இந்தத் தொட்டியைத் திரும்பவும் சபைக்கே கொடுக்காங்க. ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்களுக்கு."

எடுத்ததைத் திரும்பக் கொடுப்பது அந்தச் சபையில் பெரிய மரியாதை. கொடுத்தேன் என்று சொன்னபின் இல்லை என்றவன் சரித்திரத்தில் இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். குருவானவர் இறங்கி வந்து எஸ்ராவின் கையைக் குலுக்கினார். பிள்ளைகள் ஓடிப்போய் வெறும் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்ததும், வர வேண்டிய கோபம் முழுசாக வரவில்லை. பாதி சந்தோஷமாகவே இருந்தது.

ஸ்கூட்டரில் திரும்பும்போது டெபோரா பின்னாலிருந்து சாவகாசமாகச் சொன்னாள்.

"எங்கூட வேலை பாக்கிற சாஜிதா பானு வீட்டுக்காரர் கடைக்கே போயிருக்கீங்களே. மூணடி கேட்டவரை அஞ்சடிக்கு ஏத்தச் சொன்னது நாந்தான். ஞாயிறு பள்ளிச் செவுத்துக்கு அதுதான் சரியா இருக்கும்."

ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே வண்டி நின்றதும் எஸ்ராவுக்குள் ஒரு சின்ன வெளிச்சம் அடித்தது. செடித் தொட்டி என்றால் விளையாட்டா? வாராவாரம் தண்ணீர் மாற்றணும், இலை வெட்டணும், சிலிண்டரைக் கவனிக்கணும். தெரிந்த ஆள் இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் பாசி பிடித்துவிடும். இந்த ஊரில் தெரிந்த ஆள் யார்?

"தொட்டியை வச்சுட்டாப்ல ஆச்சா? பாத்துக்க ஆளு வேணும்லா. எங்கிட்டதான் வந்து நிப்பாங்க. அப்ப நான் யோசிச்சுதான் பதில் சொல்லுவேன்" என்றார்.

"அதுக்கு நீங்க சிரமப்பட வேண்டாம்" என்றாள் டெபோரா. "சனிக்கிழமைதோறும் வருவீங்கன்னு போன வாரமே எழுதிக் கொடுத்துட்டேன்."