குரங்கும் கும்பிட்டு ஏறும் வழி

கண்ணுகளா, போன தை மாதம் துரைசானியின் கல்யாணத்துக்கு நாம் ஈச்சங்குழி மலைக்குப் போனோமே, அப்போது வழுக்குப்பாறையின் முதல் படியிலேயே மூன்று பேரும் வரிசையாகத் தடுக்கினீர்கள். பெரியவன் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு, "எந்தக் குருடன் வெட்டுன படிங்கப்பா இது?" என்று கேட்டான். உங்கள் அம்மா சிரிக்க ஆரம்பித்தவள் பாறை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் ஆகாயத்தைப் பார்த்து, "மழை வரும்போல இருக்குது" என்றேன். (தை மாதத்தில்!)

பிள்ளைகள் கேட்ட கேள்விக்குத் தகப்பன் பதில் சொல்லியாக வேண்டும். வாயால் சொன்னால் பாதியில் உங்கள் அம்மா புகுந்து, கதையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். அதனால் எழுதுகிறேன்.

அது வெள்ளைக்காரன் காலம், முப்பதுகளின் நடுவில். எனக்கு இருபது வயது. எட்டாம் வகுப்பு பாஸ். மலையில் விளையும் கடுக்காய், சீங்காய், தேன் எல்லாம் கொள்முதல் செய்யும் ஒரு காண்டிராக்டர் என்னை ரைட்டராக அமர்த்தி ஈச்சங்குழிக்கு அனுப்பினார். ரைட்டர் என்றால் வேலை ஒன்றும் பெரிதில்லை. மூட்டையை நிறுத்து எழுதி வைக்க வேண்டும். ஆனால் அந்த ஊரில் எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான். ஒரே நாற்காலியும் என்னுடையது. இந்த இரண்டும் சேர்ந்தால் இருபது வயதுக்காரனுக்குத் தலை எவ்வளவு கனக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். இருபத்திரண்டு குடிசை, என்னுடைய கொட்டகையைச் சேர்த்தால் இருபத்து மூன்று. ராகியும் சாமையும் போடுவார்கள். உப்பு, சீமையெண்ணெய், தீப்பெட்டி எல்லாம் கீழேயிருந்து தலைச்சுமையாக வர வேண்டும். தீப்பெட்டி நமுத்துப் போனால் அடுத்த வீட்டு அடுப்பிலிருந்து நெருப்பு வாங்கி வர வேண்டும். காய்ச்சல் வந்தால் போர்வை, அதற்கு மேல் வந்தால் இன்னொரு போர்வை. வைத்தியர், பள்ளிக்கூடம், தபால்காரர் யாரும் அந்தப் பக்கம் தலைகாட்டியதில்லை.

காரணம் வழுக்குப்பாறை. அடிவாரத்துக்கு இறங்க அரைநாள் ஆகும். அந்த வழியின் நடுவில் வீட்டுக்கூரை மாதிரி சரிந்த ஒரே பாறை. மேலே எப்போதும் நீர் கசிந்துகொண்டிருக்கும். ஊர்க்காரர்கள் ஆட்டுக்குட்டி மாதிரி அதில் ஓடுவார்கள். நான் ஒவ்வொரு தரமும் சின்னானின் கையைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்த வாக்கில் இறங்குவேன். (வேட்டி சீக்கிரம் கிழிந்தது. எந்த இடத்தில் என்று சொல்ல வேண்டியதில்லை.) ஆடி மழை பிடித்துவிட்டால் அவர்களாலும் முடியாது. ஊர் தனியாகிவிடும்.

சின்னான் என்பவன் ஊர்மூப்பர் ரங்கப்பனின் மகன். அவன் பெண்சாதி மாரக்கா. நான் போவதற்கு முந்தைய ஆடியில் அவளுக்குப் பிரசவ வலி கண்டு, இரண்டு நாளாகியும் பிள்ளை பிறக்கவில்லை. கட்டிலோடு தூக்கி வந்தார்கள். பாறையைத் தாண்ட முடியவில்லை. பாறைக்கு மேலேயே பிள்ளை பிறந்து, அங்கேயே போய்விட்டது. நான் இருந்த வருஷம் அவள் மறுபடி உண்டாகியிருந்தாள். இந்தத் தரமும் ஆடி மாதந்தான் கணக்கு.

மூப்பர் ஒருநாள் என் கொட்டகைக்கு வந்தார். "ஏனுங்க ரைட்டரே, சர்க்காருக்கு ஒரு காயிதம் எழுதிப்போட்டா வழி போட்டுக் குடுப்பாங்கன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?"

மூன்று நாள் உட்கார்ந்து மனு எழுதினேன். என் கல்வி முழுவதும் அதில் இறங்கியது. 'மகா கனம் பொருந்திய ஐயா அவர்கள் சமூகத்துக்கு' என்று தொடங்கி, 'குரங்கும் கும்பிட்டு ஏறும் இக்கொடு வழியில்' என்றும், 'அட்டைகள் எங்கள் இரத்தத்தைக் காப்பி போல் அருந்தும் இவ்வனாந்தரத்தில்' என்றும் எழுதினேன். ஊரைக் கூட்டி வாசித்துக் காட்டினேன். எல்லாரும் கண் கலங்கினார்கள். மாரக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பாவமுங்க. எந்த ஊருங்க அது?" என்று கேட்டாள்.

மாரக்காவின் குழந்தை விஷயத்தை மட்டும் மனுவில் எழுதவில்லை. அதற்கு ஏற்ற அலங்காரமான வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. (இப்போது தெரிகிறது, சும்மா எழுதியிருக்கலாம்.)

வைகாசியில் அடிவாரத்திலிருந்து வந்த உப்புச் சுமையோடு பதில் வந்தது. வழியை நேரில் பார்க்க ஓவர்சியர் வருகிறார்! நான் துள்ளினேன். அவரை அடிவாரத்தில் எதிர்கொள்ள ஒரு கோட்டு வேண்டுமே? என் சொந்த ஊருக்குப் போய் மாமனிடம் இரவல் வாங்கி வரலாம் என்று கிளம்பினேன். போகும்போது மூப்பரிடம், "ஆபீசரு நம்ம வழியப் பாக்க வாராருங்க. எட்டு நாள் இருக்குது. தயாரா இருங்க" என்று சொன்னேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன வாக்கியங்களில் இதைத்தான் இன்னும் திரும்ப வாங்கிக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

எட்டாம் நாள் மாமனின் கறுப்புக் கோட்டோடு ஆனைமலையில் ஓவர்சியரைச் சந்தித்து, மாட்டுவண்டியில் அடிவாரத்துக்கு அழைத்து வந்தேன். கனமான மனிதர், நல்ல மனிதர். தலையில் தொப்பி, கையில் குடை, சட்டைப் பையில் என் மனு. வழி நெடுக அந்தக் கஷ்டத்தை வர்ணித்துக்கொண்டே வந்தேன். வண்டி நின்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

மலையடியில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது.

அதற்கு மேல் வழி. முள் வெட்டி, கல் பொறுக்கி, பெருக்கி வைத்த வழி. கூப்பிடு தூரத்துக்கு ஒரு மோர்ப்பானை. மூங்கிலில் கட்டிய நாற்காலியோடு நான்கு பேர் தயாராக நின்றார்கள். (அது என் நாற்காலி.) மூப்பர் புது வேட்டியில் கும்பிட்டார். நான் அவரை ஒரு மரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னங்க மூப்பரே இது?"

"வழிங்க."

"அது தெரியுது! ஏனுங்க இப்படிச் செஞ்சு போட்டீங்க?"

"நீங்கதானுங்களே சொன்னீங்க, வழியப் பாக்க வாராங்கன்னு. பொண்ணு பாக்க வந்தா பொண்ணச் சிங்காரிக்க மாட்டமுங்களா? வழி பாக்க வந்தா வழியச் சிங்காரிக்க வேண்டாமுங்களா?"

"அவுரு முள்ளையும் கல்லையும் பாக்கத்தானுங்க வாராரு!"

மூப்பர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதுக்காக ஒருத்தரு அத்தனை தூரத்திலிருந்து வருவாங்களா? கல்லு எல்லா ஊர்லயும் இருக்குதுங்க."

ஓவர்சியர் நாற்காலியில் ஏறினார். நான் பின்னால் நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் மனுவை எடுத்துப் பிரித்தார். "ஏம்ப்பா, குரங்கு கும்பிடுற இடம் எது?"

"மேலே இருக்குதுங்க."

மேலே வழுக்குப்பாறை. அங்கே போனதும் என் கடைசி நம்பிக்கையும் போயிற்று. பாறையில் படி வெட்டியிருந்தார்கள்! வரிசையாக இருபத்திரண்டு படி. பக்கத்தில் மூங்கில் கைப்பிடி. கசிகிற நீரை ஒரு ஓரமாகத் திருப்பி விட்டிருந்தார்கள். அடியில் மட்டும் முழங்கால் உயரத்துக்கு ஒரு படி குறைந்தது. தூக்கி வந்தவர்கள் 'ஹோய்' என்று ஒரு எம்பு எம்பித்தான் ஏறினார்கள். ஓவர்சியர் மேலே உட்கார்ந்து ஏலக்காய் மென்றுகொண்டிருந்தார். அவருக்கு அது ஊஞ்சல் மாதிரி இருந்திருக்கும்.

இனிச் செய்ய ஒன்றுதான் இருந்தது. இந்தப் பாறையின் குணத்தை நானே காட்ட வேண்டும். படியை விட்டு விலகி, வழுக்கும் பக்கமாகக் கால் வைத்து, "ஐயா, பாருங்க, இப்படித்தான் ஜனங்க விழ..." என்றேன். லேசாகச் சறுக்குவதாகத்தான் எண்ணம். பாறைக்கு என் எண்ணம் தெரியவில்லை. மல்லாந்து சறுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, கீழே இருந்த ஈச்சம்புதரில் தலைகீழாகப் போய் நின்றேன். மாமனின் கோட்டு முதுகுத் தையலோடு இரண்டானது.

ஓவர்சியர் பதறிப்போனார். நாற்காலியை இறக்கச் சொன்னார். சின்னான் என்னைப் புதரிலிருந்து பிடுங்கி எடுத்துக்கொண்டே, அவரைச் சமாதானம் செய்தான்: "பயப்படாதீங்க சாமி. வழி நல்ல வழிதானுங்க. ரைட்டருக்குக் கண்ணு செரியில்லீங்க."

ஊரில் பந்தி போட்டார்கள். சாமைச்சோறு, அவரைப் பருப்பு, மலைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே ஓவர்சியர் நேராகவே கேட்டார்: "உங்களுக்கு என்ன கஷ்டம்? தயங்காமல் சொல்லுங்கள்."

"கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்லீங்க சாமி. உங்க புண்ணியத்துல நல்லாயிருக்கறமுங்க" என்றார் மூப்பர். "இன்னும் சித்தெ சோறு போட்டுக்குங்க."

நான் அவருக்குக் கண்ணைச் சிமிட்டினேன். மறுபடி சிமிட்டினேன். "பாத்தீங்களா சாமி, மறுக்கா கண்ணுல வந்துபோச்சு" என்றார் அவர்.

மாரக்கா தேன் கொண்டு வந்தாள். எட்டு மாத வயிறு. ஓவர்சியர் அவளைப் பார்த்து, "நீ சொல்லம்மா, போக வரச் சிரமமில்லையா?" என்றார். சொல்லு மாரக்கா, சொல்லு! அவள் அவர் இலையைப் பார்த்தாள். "தேனு பத்துமுங்களா?" என்று கேட்டாள்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்து நான் கத்தினேன். கோட்டு கிழிந்த கோபமும் சேர்ந்துகொண்டது. "உனக்காகத்தானே இத்தனையும்! வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

மாரக்கா பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "சோத்துல கைய வெச்சிருக்கறவருகிட்ட, செத்த புள்ளையப் பத்திப் பேசுவாங்களா? கைகழுவிட்டுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பனுங்க." பிறகு ஒரு தரம் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "நீங்க எழுதறவரு. நீங்க ஏனுங்க எழுதல?"

நான் கொட்டகைக்குப் போய்விட்டேன்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. 'ஈச்சங்குழிப் பாதை நேரில் பார்வையிடப்பட்டது. நல்ல நிலையில் உள்ளது. ஜனங்கள் திருப்தியாக உள்ளனர். மனுதாரர் பார்வைக் குறைவு உள்ளவராகத் தெரிகிறபடியால் மேல் நடவடிக்கை தேவையில்லை.' (கடைசி வரி நான் கட்டிவிட்டது என்று உங்கள் அம்மா சொல்வாள். காகிதம் தகரப்பெட்டியில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.) அதைத் தலை நிமிராமல் ஊரில் படித்து முடித்தேன். ஊரோ கை தட்டியது. "நம்ம வழி நல்ல வழின்னு சர்க்காரே எழுத்துல குடுத்துப்போட்டாங்க!" என்று மூப்பர் அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் என்ன கொட்டினாலும் உடைத்தாலும், ஊர் முழுக்க ஒரே பேச்சுதான்: ரைட்டருக்குக் கண்ணு செரியில்லீங்க. கல்யாணமான மூன்றாம் மாதம் உங்கள் அம்மாவை மலைக்குக் கூட்டிப் போனேன். அந்தப் பேச்சை அங்கேதான் பிடித்துக்கொண்டு வந்தாள். ரசத்தில் உப்பில்லை என்று நான் சொன்னால் இன்று வரை எனக்குக் கிடைக்கும் பதில் அதுதான். உங்களுக்கும் இப்போது புரிந்திருக்கும்.

ஆடி வந்தது. மழை பிடித்தது. ஐந்தாம் நாள் விடியும்போது மாரக்காவுக்கு வலி கண்டது. அந்த நாற்காலியில் கம்பளி விரித்து அவளை உட்கார வைத்து, நான்கு பேர் தூக்கினார்கள். தலைக்கு மேல் ஓலைக்குடை பிடித்து நான் கூடவே நடந்தேன். வழுக்குப்பாறை மேல் தண்ணீர் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. சின்னான் முதல் படியில் கால் வைத்தான். கால் நின்றது. அடுத்த படி. அடுத்த படி. ஓவர்சியர் துரைக்காக வெட்டிய படிகள்.

நடுவில் மாரக்காதான் பேசினாள். எனக்குத் தைரியம் சொல்கிறாளாம்! "பாத்து வாங்க ரைட்டரே. ஊட்டுக்கு ஒரு படி வெட்டுனது. இப்ப நீங்க நிக்கறது எங்க மாமனாரு படி. கோணலா இருந்தா அவரைத் திட்டுங்க."

இருபத்திரண்டாவது படியோடு படி முடிந்தது. கீழே அந்த முழங்கால் உயரப் பள்ளம். தூக்கியவர்கள் குதிக்கத்தான் வேண்டியிருந்தது. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. மாரக்கா "அம்மா" என்று கத்தினாள். நான்கு தோளும் ஒன்றாக முட்டுக் கொடுத்தன. நாற்காலி நிமிர்ந்தது. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கத்தல் எனக்குள் வெகுநாள் இருந்தது.

அடிவாரத்தில் வண்டி பிடித்துப் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். துரை உட்கார்ந்த நாற்காலியில் வந்து பிறந்தவள் என்று துரைசானி எனப் பெயர் வைத்தார்கள். (மறுபடி சொல்கிறேன், நாற்காலி என்னுடையது.) போன தையில் நீங்கள் அட்சதை போட்டது அவளுக்குத்தான்.

வீட்டுக்கு ஒரு படி. இருபத்திரண்டு குடிசை, இருபத்திரண்டு படி. இருபத்து மூன்றாவது வீடு என் கொட்டகை. அவர்கள் பாறை வெட்டிய அந்த எட்டு நாளும் நான் கோட்டுக்கு அலைந்துகொண்டிருந்தேன். இதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. குறை சொல்லும் வழக்கம்தான் அவர்களுக்கு இல்லையே.

மழை விட்டதும், ஊரெல்லாம் சாமை அறுப்புக்குப் போயிருந்த ஒரு நாள், மூப்பர் வீட்டு உளியையும் சுத்தியையும் எடுத்துக்கொண்டு தனியாகப் பாறையின் அடியில் அந்தப் பள்ளத்துக்கு இறங்கினேன். அதுவரை நான் பிடித்திருந்த கனமான ஆயுதம் கட்டைப் பேனாதான். கல்லில் விழ வேண்டிய அடி பாதி என் விரலில் விழுந்தது. மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் பொழுது சாயும்போது படி மாதிரி ஒன்று வந்திருந்தது. இடப்பக்கம் கொஞ்சம் சரிவு. முன் விளிம்பு உதடு மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. இனிமேல் வெட்டினால் படியே போய்விடும் என்று உளியை வைத்துவிட்டேன்.

அதன் மேல் ஏறி நின்று பார்த்தேன். தாங்கியது. இறங்கினேன். மறுபடி ஏறினேன்.

மூன்றாம் தரம் ஏறும்போது தடுக்கி விழுந்தேன். சுற்றும் முற்றும் பார்த்தேன், யாரும் இல்லை. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, இன்னொரு தரம் ஏறினேன்.