கிரீஸ் சார் கட்டிய ஜன்னல்

கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையின் கையைக் குலுக்கியபடியே, "வண்டிச் சக்கரத்துக்குக் கடைசியா எப்பங்க கிரீஸ் வெச்சீங்க?" என்று கேட்கக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் அபுதாபியில் எங்கள் பக்கத்து ஃபிளாட்டில் இருந்தார். அந்தக் கேள்வியை அவர் கேட்டபோது நான் பக்கத்தில் மொய்க் கவரோடு நின்றுகொண்டிருந்தேன். மாப்பிள்ளை ஏதோ ஆசீர்வாதம் என்று நினைத்து, "தேங்க்யூ அங்கிள்" என்றார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது விசாவில் மட்டும் இருந்தது. வாட்ச்மேனிலிருந்து எங்கள் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் கிரீஸ் சார். கோயம்புத்தூர்க்காரர். ஒல்லி. நானும் அவரும் ஒரே ஆபீஸ். கட்டடங்களுக்குள் ஏ.சி. குழாய் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வரைபடம் போடுவது அவர் வேலை. காலையில் "வணக்கமுங்க", சாயங்காலம் "வரனுங்க". நடுவில் எட்டு மணி நேரம் பேச்சே கிடையாது. ஆனால் யாராவது வாய் தவறி 'டிரெய்லர்' என்று சொல்லிவிட்டால் சார் பேச்சு நிற்காது, அன்றைக்கு அந்த ஆளுக்கு மத்தியானச் சாப்பாடு கிடையாது.

டிரெய்லர் என்றால் பெரிய லாரி இல்லை. காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் இரண்டு சக்கரப் பெட்டி. இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு பழைய சாமான் கிடங்கில் அதை அவர் கண்டுபிடித்தார். அதற்கு முன்னால் அதில் ஆடுகள் பயணம் செய்திருந்தன. வெயில் நாளில் அந்த ஆடுகளின் ஞாபகம் நமக்கும் வரும். அந்தப் பெட்டியைத்தான் குடும்பத்தோடு பாலைவனத்துக்கும் கடற்கரைக்கும் போய்த் தங்கும் வீடாக மாற்றப்போவதாக அவர் அறிவித்தார். குடும்பம் என்பது அவரும் அவர் மனைவி சாரதாக்காவும்தான். பிள்ளைகள் இல்லை. ஆனால் வரைபடத்தில் இரண்டு பெரிய படுக்கைக்கு நடுவில் சின்னதாக இன்னொரு படுக்கையும் இருந்தது. "யாருக்கு சார்?" என்று கேட்டேன். "உங்க மீனு வருமுங்களே" என்றார். மீனு என் மகள். அப்போது ஆறு வயது.

முசஃபாவில் கான் பாய் என்றொரு பட்டாணிய வெல்டர் அந்த வேலையை எடுத்தார். பின்பக்கம் இழுத்தால் வெளியே வரும் சமையல் மேடை, அதை ஒட்டி இடது ஓரம் வெளிப்பக்கமாகத் திறக்கும் கேஸ் சிலிண்டர் அலமாரி, கூரையில் காற்றுப் போக்கி, இடது பக்கம் கதவு, வலது பக்கம் ஒரு ஜன்னல். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலுக்குக் கிரில் வைக்கும் கட்டத்தில் தகராறு. நாலு போல்ட் போதும் என்றார் கான் பாய். கிரீஸ் சார் எட்டு கேட்டார். வெளியிலிருந்து எந்தத் திருடனும் திருப்ப முடியாதபடி வழவழப்பான மொட்டைத் தலை போல்ட், நட்டெல்லாம் உள்ளே, அதுவும் ஒரு போல்ட்டுக்கு இரண்டு நட்.

கான் பாய் தாடியைத் தடவிக்கொண்டே, "சார், அந்தர் பச்சா சோயேகா, யா சோனா ரகேகா?" என்றார். உள்ளே குழந்தை தூங்கப்போகிறதா, தங்கம் வைக்கப்போகிறீர்களா என்று கேள்வி.

"ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்று தமிழிலேயே பதில் சொல்லிவிட்டு, நட்டுகளைத் தன் கையாலேயே முடுக்கினார் கிரீஸ் சார்.

கட்டி முடித்த பிறகு பராமரிப்பு ஆரம்பித்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பார்க்கிங்கில் டிரெய்லரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவிப் புது கிரீஸ் அடைப்பார். கழுவிய பேரிங்கைக் காய வைக்கத் தோதான குழிகள் உள்ள ஒரே பொருள் வீட்டில் இட்லித் தட்டுதான். மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து சாரதாக்காவின் குரல் வரும். "ஏனுங்க! அப்ப நான் இட்லிய என்ன, சக்கரத்துலயா ஊத்தறது?"

இதையெல்லாம் சொல்லி ஆபீஸில் சிரித்தவர்களில் முக்கியமானவன் நான்தான்.

ஒரு மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை, சாரதாக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டு என் மனைவி மாலதி சம்மதித்துவிட்டாள். கிரீஸ் சாரின் பழைய ஃபோர் வீல் வண்டியில் ஐந்து பேரும், பின்னால் டிரெய்லருமாக மேற்கே கடலோரம் கிளம்பினோம். ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை வண்டியை ஓரம் கட்டி, இறங்கிப் போய், டிரெய்லர் சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. "சூடு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு ஏறுவார். மூன்றாவது முறை அப்படி இறங்கியபோது எனக்குப் பசி. நான்காவது முறை கோபம்.

கடற்கரையில் இறங்கியதும் இன்னொரு சடங்கு. அந்தப் பக்கத்துத் தரையை சப்கா என்பார்கள். மேலே உப்புப் பொருக்கு, பார்க்க சிமென்ட் தரை மாதிரி கெட்டியாக இருக்கும். அடியில் ஈரக் களி. அதனால் கிரீஸ் சார் ஓர் இரும்புக் கம்பியை வைத்துக்கொண்டு, அடிக்கு அடி குத்திப் பார்த்து நடந்தார். முக்கால் மணி நேரம். கடைசியில் கடலை விட்டுத் தள்ளி, ஒரு மேட்டில் டிரெய்லரை நிறுத்தினார். காரைக் கழற்றிக் கொஞ்சம் தள்ளி விட்டார். மேட்டில் காற்றே இல்லை.

"சார், இருபதடி கடல் பக்கமாத் தள்ளிப் போட்டா என்ன? காத்தாவது வரும். மீனுவைப் பாருங்க, எப்படி வேர்க்குது" என்றேன். மீனுவுக்கு வேர்த்ததும் உண்மை. எனக்கு வேர்த்தது அதைவிட உண்மை.

அவர் கடல் பக்கத்துத் தரையைப் பார்த்தார். மாலதியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த மீனுவைப் பார்த்தார். "சரிங்க" என்றார். நானும் அவரும் டிரெய்லரைத் தள்ளிக்கொண்டு போனோம். நான்கு மூலையிலும் தாங்கு கால்களை இறக்கினார். கம்பி மேட்டிலேயே கிடந்தது.

காற்று வந்தது. மாலதி குழந்தையை உள்ளே சின்னப் படுக்கையில் போட்டு, மணல் அடிக்கிறதென்று கதவைச் சாத்திவிட்டு வந்தாள். சாரதாக்கா பின்பக்க மேடையில் ரசம் கொதிக்க வைத்தார். நான் பாயை விரித்து உட்காரப்போனேன்.

அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம். இடது பக்கக் கால்கள் இரண்டும் பொருக்கை உடைத்துக்கொண்டு இறங்கின. டிரெய்லர் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. ரசச் சட்டி சரிந்து அடுப்பை அணைத்தது. மேடை முழுசாக வெளியே ஓடி வந்து, கேஸ் குழாயைப் பிடுங்கிவிட்டது.

நான் கதவுக்கு ஓடினேன். கதவு வெளிப்பக்கம் திறப்பது. அதன் கீழ் பாகம் ஒரு முழத்துக்குக் களியில் புதைந்துவிட்டது. இழுத்தேன். அசையவில்லை. சிலிண்டர் அலமாரியும் அதே பக்கம், அதே களியில். உள்ளேயிருந்து 'உஸ்ஸ்' என்ற சத்தமும், கூடவே வாடையும் வந்தன.

"அப்பா!" என்று உள்ளேயிருந்து குரல். மீனு எழுந்துவிட்டாள்.

காருக்கு ஓடினேன். சாவியைத் திருகி, கயிறு கட்டி இழுத்துவிடலாம் என்று நினைப்பு. எட்டு மணி நேரமும் பேசாத அந்த மனிதர் அப்போது போட்ட சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"வண்டியத் தொடாதீங்க! மொபைலத் தொடாதீங்க! ஒரு பொறி பட்டாப் போச்சு!"

பிறகு குரலை இறக்கி, வரைபடம் விளக்குகிற தொனியில் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். வலது பக்கம் இப்போது மேலே தூக்கி நின்றது. அந்தப் பக்கத்தில் பாரம் ஏறாவிட்டால் டிரெய்லர் முழுசாகக் கவிழும். நான் அந்தப் பக்கத்துச் சட்டத்தில் கயிற்றைக் கட்டி இழுத்துப் பிடிக்க வேண்டும். சாரதாக்காவும் மாலதியும் சக்கரத்தின் மேலிருக்கும் மட்கார்டில் ஏறி உட்கார வேண்டும்.

சாரதாக்கா ஏறி உட்கார்ந்தார். டிரெய்லர் ஒரு விரற்கடை இறங்கி நின்றது. "என் குண்டு ஒடம்பப் பத்தி இனி ஒரு வார்த்தை பேசுங்க, இருக்குது" என்றார். பக்கத்தில் மாலதி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னல்தான் ஒரே வழி. ஜன்னலில் கிரில். கிரிலில் எட்டு போல்ட். எந்தத் திருடனும் வெளியிலிருந்து திருப்ப முடியாத எட்டு போல்ட்.

கிரீஸ் சார் சக்கரத்தின் மேல் ஏறி நின்றார். ஸ்பேனரில் நனைத்த துண்டைச் சுற்றினார், இரும்பும் இரும்பும் உரசிப் பொறி வராமலிருக்க. இரண்டு கம்பிக்கு நடுவில் வலது கையைத் திணித்தார். முழங்கை வரை போயிற்று. உள்பக்க நட்டைக் கண்ணால் பார்க்க வழியில்லை. தடவியே பிடித்தார்.

"அம்மிணி, மூஞ்சிய இந்த மூலைல ஜன்னலோட ஒட்டி வெச்சுக்கோ. வெளிக் காத்தையே இழுக்கோணும். செரியா கண்ணு?"

"அங்கிள், இட் ஸ்மெல்ஸ் பேட்."

"ஆமா கண்ணு. சாரதா ஆன்ட்டி ரசம் அப்படித்தான். செரி, பேரிங்குக்கு எதுக்குக் கிரீஸ் வெக்கறோம், சொல்லு பாக்கலாம்?"

அந்தச் சமயத்தில் ஒரு குழந்தையிடம் பேச அவருக்கு வேறு எதுவும் தெரியவில்லை. முதல் நட்டு உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. இரண்டாவது நட்டு. போல்ட்டை வெளியே தள்ளினார். ஒன்று ஆயிற்று.

கயிறு என் உள்ளங்கையை அறுத்தது. கால் களியில் வழுக்கியது. மேலேயிருந்து பாடம் நடந்துகொண்டே இருந்தது. பேரிங்குக்குள் உருளைகள் எப்படிச் சுற்றும், தண்ணீர் போனால் என்னாகும், மண் போனால் என்னாகும். மீனு நடுநடுவே அழுதாள், நடுநடுவே "ஏன் அங்கிள்?" என்றாள். நாலு போல்ட் வைத்திருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும் என்று என் மனம் அவரைத் திட்டியது. இருபதடி தள்ளச் சொன்னது யார் என்று அதே மனம் கேட்டது. கயிற்றை இன்னும் இழுத்துப் பிடித்தேன்.

ஐந்தாவது போல்ட்டில் டிரெய்லர் முனகி இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. மாலதி "ஐயோ" என்றாள். டிரெய்லர் சாய்ந்த பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

"போச்சாது, போச்சாது" என்றார் கிரீஸ் சார். அவர் ஊரில் பரவாயில்லை என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள். அவர் சொன்னது டிரெய்லரிடமா, மாலதியிடமா என்று தெரியவில்லை. முழங்கையில் தோல் உரிந்து, ரத்தம் கம்பி வழியே இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

ஏழு முடிந்தது. எட்டாவது கீழ் மூலையில் இருந்தது. அவர் விரலுக்கு எட்டவில்லை. மூன்று முறை முயன்றார். ஸ்பேனர் நழுவி உள்ளே விழுந்துவிட்டது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தபோது அவர் கையை வெளியே எடுத்திருந்தார். கிரிலை இரண்டு கையாலும் பிடித்து, மிஞ்சிய அந்த ஒற்றைப் போல்ட்டை அச்சாக வைத்து, கடிகார முள்ளைத் திருப்புவது போல மெல்லக் கீழ்நோக்கித் திருப்பினார். கிரில் சுழன்று தொங்கியது. பாதி ஜன்னல் திறந்தது.

"கண்ணு, கை ரெண்டையும் குடு."

மீனு வந்தாள். முதலில் கை, பிறகு தலை, பிறகு கிழிந்த கவுன். அவளை மார்போடு அணைத்தபடி அவர் குதித்தார். "விட்டுட்டு ஓடுங்க!" என்று கத்தினார். பெண்கள் இறங்கி ஓட, நானும் கயிற்றை விட்டு ஓடினேன். மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தோம். டிரெய்லர் தூக்கக் கலக்கத்தில் திரும்பிப் படுக்கிறவனைப் போல, மெதுவாக இடது பக்கமாகக் கவிழ்ந்தது. வெடிக்கவில்லை. கேஸெல்லாம் கடற்காற்றில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை மீனு, "அங்கிள், ஹவுஸ் விழுந்துடுச்சு" என்று அழுதாள்.

மறுநாள் ஆட்கள் வந்து அதைத் தூக்கினார்கள் என்பதையும், ஒரு பக்கம் நசுங்கியதைத் தவிர அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

திரும்பும்போது காரை நான் ஓட்டினேன். நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க் பக்கத்தில் மலையாளி ஒருவரின் சின்னக் கஃபட்டேரியா. டீ சொன்னோம். சாரதாக்கா தன் துப்பட்டாவைக் கிழித்து அவர் கையில் கட்டிவிட்டார். மீனு அவர் மடியில் உட்கார்ந்து பரோட்டா தின்றாள்.

கிரீஸ் சார் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தரை பாக்காம நிறுத்திட்டனுங்க. கொழந்தைய வெச்சுக்கிட்டு இப்படியொரு தப்பு. வண்டிய கான்கிட்டயே குடுத்துடறனுங்க. போதும்."

"சார், தள்ளிப் போடச் சொன்னது நான்" என்றேன்.

"நீங்க ஆயிரம் சொல்லுவீங்க. கம்பி என் கையிலதானுங்களே இருந்துது?"

டீயை எடுக்கக் கை நீட்டினார். கிளாஸ் பிடிபடவில்லை. கட்டுப் போட்ட கையை யாரும் பார்க்காதபடி மேஜைக்கடியில் இறக்கிக்கொண்டார்.

டிரெய்லர் சாய்ந்ததிலிருந்து அந்த ஒரு "ஐயோ"வைத் தவிர வாய் திறக்காத மாலதியை நான் பயத்தோடு பார்த்தேன். அவள் எழுந்து, அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்தக் கையை மேலே எடுத்து, அதில் டீ கிளாஸை வைத்து, தன் இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"யாருக்கும் குடுக்க வேண்டாம் சார். ஜன்னலை மட்டும் கொஞ்சம் பெருசா வெச்சிடுங்க" என்றாள். "மீனு வளர்ந்துக்கிட்டு வர்றா."